‘தான்’ சேர்ந்தால் கவிழும் வாதம்: அளவையியலில் முதல் அடிகள்

ஒரு நாள் காலையில் எங்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. மின்சாரம் போனால் மோட்டார் நின்றுவிடும், மோட்டார் நின்றிருக்கிறது, ஆகவே மின்சாரம் போய்விட்டது என்று முடிவு கட்டிக்கொண்டு, வரும்போது வரட்டும் என்று பதினொரு மணிவரை காத்திருந்தேன். என் தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்ததைப் பக்கத்து வீட்டுக்காரர் வந்து சுட்டிக்காட்டினார். மோட்டாரின் கண்டென்சர் எரிந்துபோயிருந்தது.

மின்சாரம் போனால் மோட்டார் நிற்கும் என்பது உண்மை. மோட்டார் நின்றிருந்ததும் உண்மை. இரண்டு உண்மைகளை வைத்துக்கொண்டு ஒரு பொய்யில் போய் விழுந்தேன். கோளாறு வாக்கியங்களில் இல்லை, அவற்றை இணைத்த விதத்தில் இருந்தது. அந்த இணைப்பை மட்டும் தனியே எடுத்துச் சோதிக்கும் கலைக்குத்தான் அளவையியல் என்று பெயர். தமிழ்நாட்டில் தருக்கவியல் என்பார்கள், சிலர் ஏரணம் என்பார்கள். இலங்கையில் உயர்தர வகுப்பு (பல்கலைக்கழகத்துக்கு முந்திய வகுப்பு) மாணவர்கள் ‘அளவையியலும் விஞ்ஞான முறையும்’ என்ற பாடமாகவே இதைத் தமிழில் படிக்கிறார்கள். வகுப்பறையில் புழங்கித் தேய்ந்த சொற்கள் அவர்களிடம் இருப்பதால், அவற்றையே இங்கே எடுத்துக்கொள்கிறேன். காரணமாக முன்வைக்கும் வாக்கியம் எடுகூற்று. அவற்றிலிருந்து பெறுவது முடிவு. இணைப்பு சரியாக இருந்தால் வாதம் வாய்ப்பானது, இல்லையென்றால் வாய்ப்பற்றது. ‘வாய்ப்பு’ என்றதும் வேலைவாய்ப்பு நினைவுக்கு வருகிறவர்கள் இரண்டு நாள் பொறுத்துக்கொள்ளுங்கள், பழகிவிடும்.

முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது

எடுகூற்றுகள் எல்லாம் உண்மையாக இருக்க, முடிவு மட்டும் பொய்யாக இருக்கும் ஒரு நிலைமையைக் கற்பனையில்கூட அமைக்க முடியாது என்றால் வாதம் வாய்ப்பானது. அமைக்க முடிந்தால் வாய்ப்பற்றது. அப்படி அமைத்த நிலைமைக்கு எதிர் உதாரணம் என்று பெயர். மின்சாரம் இருக்கிறது, கண்டென்சர் எரிந்திருக்கிறது என்பது என் வாதத்துக்கு எதிர் உதாரணம். கீழே வரப்போகும் அட்டவணை, குறுக்குவழி, வட்டங்கள் எல்லாமே இந்த ஒரு வேட்டையின் வெவ்வேறு கருவிகள்தாம். வாதத்தை ஆதரித்துப் பார்க்காதீர்கள். அதைக் கவிழ்க்க வந்த ஆளாக உட்காருங்கள்.

புதியவர்கள் அனேகமாக எல்லோரும் இடறும் இடம் இது: முடிவு உண்மையாக இருப்பதால் வாதம் வாய்ப்பானதாகிவிடாது, பொய்யாக இருப்பதால் வாய்ப்பற்றதாகிவிடவும் செய்யாது. ‘எல்லா மீன்களும் மரம் ஏறும், திமிங்கிலம் ஒரு மீன், ஆகவே திமிங்கிலம் மரம் ஏறும்’ என்பதில் மூன்று வாக்கியங்களும் பொய். வாதமோ கச்சிதமாக வாய்ப்பானது. முதல் இரண்டும் உண்மையாக இருக்கும் உலகம் ஒன்று இருந்தால், அங்கே திமிங்கிலம் மரம் ஏறித்தான் தீர வேண்டும்.

மறுபக்கத்தையும் பாருங்கள். ‘கண்டி இலங்கையில் இருந்தால் அது ஆசியாவில் இருக்கும், கண்டி ஆசியாவில் இருக்கிறது, ஆகவே கண்டி இலங்கையில் இருக்கிறது.’ மூன்றும் உண்மை, ஆனாலும் வாதம் வாய்ப்பற்றது. நம்பிக்கை வரவில்லையா? கண்டி என்ற சொல் வரும் இடத்திலெல்லாம் மதுரை என்று மாற்றிப் படித்துப் பாருங்கள். எடுகூற்றுகள் இரண்டும் உண்மையாகவே நிற்கின்றன, முடிவு மட்டும் மதுரையைக் கடல் தாண்டிக் கொண்டுபோய் வைத்துவிடுகிறது. வாதத்தின் வடிவத்தை அப்படியே வைத்துக்கொண்டு சொற்களை மட்டும் மாற்றும் இந்த உத்திக்குக் காகிதம்கூடத் தேவையில்லை. தொலைக்காட்சி விவாதம் கேட்டுக்கொண்டே செய்யலாம்.

வாதத்தைப் பேச்சிலிருந்து பிரித்தெடுத்தல்

யாரும் எண் போட்டு எடுகூற்றுகளைச் சொல்வதில்லை. முடிவை முதலில் சொல்லிவிட்டுக் காரணத்தைப் பின்னால் இழுப்பார்கள், நடுவில் ஒரு பழமொழியையும் சொருகுவார்கள். ஆகவே, எனவே, ஆனபடியால் போன்ற சொற்களுக்குப் பின்னால் முடிவு வரும். ஏனென்றால், ஏனெனில் ஆகியவற்றுக்குப் பின்னால் எடுகூற்று வரும். கண்டுபிடித்து, எடுகூற்றுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, அடியில் ஒரு கோடு கிழித்து, கோட்டுக்குக் கீழே முடிவை எழுதுங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் இதைச் செய்யும்போதே பாதி வாதங்கள் தாமாகவே உதிர்ந்துவிடுகின்றன. முடிவு என்று ஒன்று இல்லவே இல்லை என்பது தெரிந்துவிடுகிறது.

அடுத்தது குறியீட்டாக்கம். ஒவ்வொரு தனி வாக்கியத்துக்கும் ஓர் எழுத்துக் கொடுத்து எழுதிவைக்கும் பட்டியலைச் சுருக்கத்திட்டம் என்பார்கள். ம என்றால் மின்சாரம் போயிருக்கிறது, ந என்றால் மோட்டார் நின்றிருக்கிறது என்பதைப் போல. இவற்றை இணைக்க நான்கு குறிகள் போதும். ~ என்பது ‘இல்லை’. ∧ என்பது இரண்டும் சேர்ந்து. ∨ என்பது அல்லது. → என்பது ‘ஆனால்’, அதாவது ‘மழை வருமானால்’ என்பதில் வரும் ஆனால். ‘வந்தான், ஆனால் சாப்பிடவில்லை’ என்பதில் வரும் ஆனால் இல்லை. அந்த இரண்டாவது ஆனாலுக்கு வெறும் ∧ போடுங்கள். வருத்தத்தையும் வியப்பையும் குறியீடு கண்டுகொள்ளாது.

கணக்கைவிட இந்தக் கட்டத்தில்தான் பிழைகள் அதிகம் நேர்கின்றன. அதிலும் தமிழுக்கே உரிய பொறிகள் சில உண்டு. ஆங்கிலப் பாடநூலை வைத்துப் படிப்பவர்களுக்கு யாரும் இவற்றைச் சொல்லித்தருவதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

‘மழை பெய்தால் ஆட்டம் நிற்கும்’ என்பது நிபந்தனை. மழை பெய்ததாக அது சொல்லவில்லை. ‘மழை பெய்ததால் ஆட்டம் நின்றது’ என்பதோ மழையும் பெய்தது, ஆட்டமும் நின்றது என்று இரண்டையும் அடித்துச் சொல்கிறது. நடுவில் இருப்பது ஒரே ஒரு ‘த’. அதைத் தவறவிட்டால் அம்புக்குறி வர வேண்டிய இடத்தில் வேறு ஏதோ வந்துவிடும். ‘மழை பெய்தாலும் போவேன்’ என்பதைப் பாருங்கள். வடிவம் நிபந்தனைபோல இருக்கிறது, சொல்வது ‘போவேன்’ என்பதை மட்டும்தான். குறியீட்டில் ஓர் எழுத்துப் போதும்.

‘எல்லோரும் வரவில்லை’ என்ற வாக்கியத்துக்கு ஒருவருமே வரவில்லை என்றும் பொருள், சிலர் வராமல் போனார்கள் என்றும் பொருள். இரண்டும் வெவ்வேறு கூற்றுகள். சொன்னவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்க முடியாவிட்டால் இரண்டு விதமாகவும் எழுதிச் சோதியுங்கள்.

எல்லாவற்றையும்விடப் பொல்லாதது ‘தான்’. ‘டிக்கெட் இருந்தால் உள்ளே விடுவார்கள்’ என்பது ட → உ. ‘டிக்கெட் இருந்தால்தான் உள்ளே விடுவார்கள்’ என்பது உ → ட. அம்பு திரும்பிவிட்டது! இரண்டாவது வாக்கியம், உள்ளே ஒருவரைப் பார்த்தால் அவரிடம் டிக்கெட் இருக்கிறது என்று நம்பலாம் என்கிறது. டிக்கெட் உள்ள எல்லோரையும் விட்டுவிடுவார்கள் என்று அது உறுதி தரவில்லை. லுங்கி கட்டிக்கொண்டு வந்தவரைத் திருப்பி அனுப்பினாலும் அந்த வாக்கியம் பொய்யாகாது.

‘அல்லது’ பற்றி ஒரு வரி. அளவையியலில் ∨ என்றால் குறைந்தது ஒன்றாவது உண்மை. இரண்டும் உண்மையாக இருக்கவும் தடையில்லை. இரண்டில் ஒன்று மட்டும் என்று சொல்ல விரும்பினால் அதைத் தனியாகச் சேர்த்து எழுத வேண்டும்.

உண்மை அட்டவணை

ஒவ்வொரு எழுத்தும் உண்மை அல்லது பொய் என்ற இரண்டு நிலைகளில்தான் இருக்க முடியும். எல்லாச் சேர்க்கைகளையும் வரிசையாக எழுதினால் எதிர் உதாரணம் தப்பிக்க இடமிருக்காது. 1921ஆம் ஆண்டு மெய்யியலாளர் விட்கென்ஸ்டைனும் கணித அறிஞர் எமில் போஸ்டும் தனித்தனியே இந்த முறையை அச்சில் கொண்டுவந்தார்கள்.

~ மதிப்பைத் திருப்பும். ∧ இரண்டும் உண்மையானால் மட்டும் உண்மை. ∨ இரண்டும் பொய்யானால் மட்டும் பொய். அம்புக்குறிதான் முரண்டு பிடிக்கும்: முன்பகுதி உண்மையாக இருந்து பின்பகுதி பொய்யாகும் ஒரே ஒரு நிலையில் அது பொய். மற்ற மூன்று நிலைகளிலும் உண்மை. ‘நீ பாஸ் ஆனால் சைக்கிள் வாங்கித் தருகிறேன்’ என்று அப்பா சொன்னார். மகன் ஃபெயில். அப்பா மனமிளகிச் சைக்கிள் வாங்கித் தந்துவிட்டார். அப்பா சொன்ன சொல் தவறினாரா? இல்லை. பாஸ் ஆன பிறகும் சைக்கிள் வரவில்லை என்றால்தான் அவரைக் கேள்வி கேட்க முடியும்.

இப்போது மோட்டார் வாதம். எடுகூற்றுகள் ம → ந, ந. முடிவு ம. எழுத்துகள் இரண்டு, ஆகவே நான்கு வரிகள். உ என்றால் உண்மை, பொ என்றால் பொய்.

ம | ந | ம → ந | ந | முடிவு: ம
உ | உ | உ | உ | உ
உ | பொ | பொ | பொ | உ
பொ | உ | உ | உ | பொ
பொ | பொ | உ | பொ | பொ

எடுகூற்றுகள் எல்லாம் உ என்று இருக்கும் வரிகளை மட்டும் தேடுங்கள். முதலும் மூன்றும் தேறுகின்றன. மூன்றாவது வரியில் முடிவு பொ. அதுதான் எரிந்துபோன கண்டென்சர். வாதம் வாய்ப்பற்றது.

அதே முதல் எடுகூற்றை வைத்துக்கொண்டு ‘மோட்டார் நிற்கவில்லை, ஆகவே மின்சாரம் போகவில்லை’ என்று வாதிட்டிருந்தால்? ~ந உண்மையாகும் வரிகள் இரண்டாவதும் நான்காவதும். இரண்டாவதில் ம → ந பொய். மிஞ்சுவது நான்காவது, அதில் ~ம உண்மை. வாதம் வாய்ப்பானது.

மனித மனத்துக்கு இந்த இரண்டாவது வழி இயல்பாக வருவதில்லை. 1966இல் பீட்டர் வேசன் என்ற ஆங்கிலேய உளவியலாளர் வெளியிட்ட சோதனை ஒன்று இதற்குப் பேர்போனது. தமிழ் எழுத்தோடு அதைச் செய்து பாருங்கள். மேசையில் நான்கு அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒருபுறம் எழுத்து, மறுபுறம் எண். உங்களுக்குத் தெரிபவை அ, க, 4, 7. ‘ஒருபுறம் உயிரெழுத்து இருந்தால் மறுபுறம் இரட்டைப்படை எண் இருக்கும்’ என்ற விதி உண்மையா என்று பார்க்க எந்த அட்டைகளைப் புரட்டியே ஆக வேண்டும்? பலர் அ, 4 என்கிறார்கள். 4இன் பின்னால் எது இருந்தாலும் விதிக்குச் சேதமில்லை. 7இன் பின்னால் ஓர் உயிரெழுத்து இருந்துவிட்டால்தான் விதி உடையும். புரட்ட வேண்டியவை அ, 7. நான் முதல் முறை தவறாகச் சொன்னேன், அதுவும் வெகு நம்பிக்கையாக.

குறுக்குவழி: முடிவிலிருந்து பின்னோக்கி

எழுத்து ஒன்று கூடும்போதெல்லாம் வரிகள் இரட்டிக்கும். மூன்று எழுத்துக்கு 8, நான்குக்கு 16, ஐந்துக்கு 32. முப்பத்திரண்டு வரி எழுதப் பொறுமை உள்ளவர்கள் எழுதலாம், எனக்கு இல்லை. நமக்கு வேண்டியது எதிர் உதாரணம் இருக்கும் வரி ஒன்றே. நேராக அதை உண்டாக்கிப் பார்த்தால் என்ன?

கமலா எப்போது வருவாள் என்று வீட்டில் பேச்சு. ‘டிக்கெட் கிடைத்தால் ரயிலில் வருவாள். ரயிலில் வந்தால் காலையிலேயே வந்து சேர்வாள். டிக்கெட் கிடைக்கும், அல்லது பஸ்ஸில் வருவாள். பஸ்ஸில் வந்தால் அண்ணன் பஸ் நிலையத்துக்குப் போவார். அண்ணன் பஸ் நிலையத்துக்குப் போகமாட்டார். ஆகவே காலையிலேயே வந்து சேர்வாள்.’

ட டிக்கெட், ர ரயில், க காலையில் வருவது, ப பஸ், அ அண்ணன் போவது. குறியீட்டில்: ட → ர, ர → க, ட ∨ ப, ப → அ, ~அ. முடிவு க.

முடிவைப் பொய் என்று வைத்துக்கொள்ளுங்கள், எடுகூற்றுகளை எல்லாம் உண்மை என்று வைத்துக்கொள்ளுங்கள். எது வேறு வழியின்றித் தீர்மானமாகிறதோ அதிலிருந்து தொடங்குங்கள். ~அ உண்மை என்பதால் அ பொய். ப → அ உண்மையாக இருக்க வேண்டும், அ பொய்; ஆகவே ப பொய். ட ∨ ப உண்மை, ப பொய். ஆகவே ட உண்மை. ட → ர உண்மை. ஆகவே ர உண்மை. ர → க உண்மை. ஆகவே க உண்மை. ஆனால் க பொய் என்றல்லவா தொடங்கினோம்? முட்டிக்கொண்டுவிட்டது. எதிர் உதாரணம் அமைக்க முடியாது. வாதம் வாய்ப்பானது. முப்பத்திரண்டு வரி வேலை ஆறு வரியில் முடிந்தது.

இப்போது முதல் வாக்கியத்தில் ஒரு ‘தான்’ சேருங்கள்: ‘டிக்கெட் கிடைத்தால்தான் ரயிலில் வருவாள்.’ மற்றவை அப்படியே. முதல் எடுகூற்று ர → ட ஆகிவிட்டது. திரும்பவும் ஓட்டுங்கள். க பொய், அ பொய், ப பொய், ட உண்மை. ர → க உண்மையாக இருக்க ர பொய்யாக வேண்டும். ர பொய்யானால் ர → ட உண்மை. எங்கேயும் முட்டவில்லை! எதிர் உதாரணம் கைக்கு வந்துவிட்டது: டிக்கெட் கிடைத்தது, ஆனால் கமலா ரயிலிலும் வரவில்லை, பஸ்ஸிலும் வரவில்லை. கடைசி நேரத்தில் பயணத்தையே கைவிட்டிருக்கலாம். வீட்டில் பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு இரண்டு வாக்கியமும் ஒன்றுபோலவே கேட்டிருக்கும்.

ஓர் எச்சரிக்கை. சில வாதங்களில் முடிவைப் பொய்யாக்க ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் இருக்கும். முடிவு க ∧ ர என்றால், க பொய்யாகலாம், ர பொய்யாகலாம், இரண்டுமே பொய்யாகலாம். எல்லா வழிகளிலும் முட்டினால்தான் வாய்ப்பானது என்று சொல்லலாம். தேர்வுத்தாளில் மதிப்பெண் பறிபோகும் இடம் இது.

எல்லா, சில

திமிங்கில வாதத்தை உண்மை அட்டவணையில் போட்டால் மூன்று வாக்கியங்களுக்கு மூன்று தனி எழுத்துகள் வரும், ஒன்றோடொன்று ஒட்டாது. வாதத்தின் உயிர் ‘எல்லா’ என்ற சொல்லுக்குள் இருப்பதுதான் காரணம். கிறிஸ்து பிறப்பதற்கு நான்கு நூற்றாண்டுகள் முன்பு அரிஸ்டாட்டில் எடுத்துக்கொண்டது இத்தகைய வாதங்களைத்தான். இரண்டு எடுகூற்றும் ஒரு முடிவும் கொண்ட அந்த நியாயத்தொடையில் மொத்தம் 256 வடிவங்கள் உண்டு. இன்றைய கணக்கில் அவற்றுள் வாய்ப்பானவை 15 மட்டுமே. மனப்பாடம் செய்யாதீர்கள். 1880இல் ஜான் வென் காட்டிய வட்டங்கள் போதும்.

மூன்று பொருள்களுக்கு மூன்று வட்டங்கள், ஒன்றையொன்று வெட்டும்படி வரையுங்கள். ‘எல்லா மீன்களும் மரம் ஏறுபவை’ என்றால், மீன் வட்டத்தில் மரம் ஏறுபவைக்கு வெளியே உள்ள பகுதி காலி. அதைக் கோடிட்டு அடைத்துவிடுங்கள். ‘சில’ என்றால் இரண்டு வட்டங்களும் வெட்டிக்கொள்ளும் பகுதியில் ஒரு புள்ளி. ‘எல்லா’ வாக்கியங்களை முதலில் வரைந்துவிட்டு, அதன்பிறகே புள்ளி வையுங்கள். இந்த வரிசை முக்கியம். புள்ளி இரண்டு பகுதிகளில் எதில் போக வேண்டும் என்று தெரியாவிட்டால் எல்லைக்கோட்டின் மீது வையுங்கள். எடுகூற்றுகளை மட்டும் வரைந்து நிறுத்திவிட்டுப் படத்தைப் பாருங்கள்: முடிவு ஏற்கெனவே அங்கே இருக்கிறதா?

‘சில ஆசிரியர்கள் கவிஞர்கள், சில கவிஞர்கள் சோம்பேறிகள், ஆகவே சில ஆசிரியர்கள் சோம்பேறிகள்.’ வரைந்து பார்த்தால் இரண்டு புள்ளிகளும் கோட்டின் மீதே தொங்கும். வாய்ப்பற்றது. படம் வரையச் சோம்பலாக இருந்தால் மதுரை உத்தி: சில பழங்கள் மஞ்சள், மஞ்சளானவற்றில் சில பள்ளிப் பேருந்துகள், ஆகவே சில பழங்கள் பள்ளிப் பேருந்துகள்.

மலையில் புகை

‘இம்மலையில் நெருப்பு இருக்கிறது, ஏனெனில் புகை இருக்கிறது, அடுக்களையைப்போல’ என்ற வாதத்தை நம்மவர்கள் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். மணிமேகலையின் 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு) என்று உறுப்பு உறுப்பாகப் பிரித்து இதை விளக்கி, எங்கெல்லாம் வாதம் போலியாகும் என்று நீளமான பட்டியலும் தருகிறார். தமிழில் அளவை பயில்கிறவர் அதை ஒருமுறையாவது வாசிக்க வேண்டும். ஆனால் இங்கே நாம் செய்வதும் அதுவும் ஒன்றே என்று சொல்லிவிடுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. அடுக்களை என்ற எடுத்துக்காட்டைக் கேட்பவர், புகை உள்ள இடமெல்லாம் நெருப்பு உண்டு என்பது உண்மைதானா என்றும் சேர்த்தே கேட்கிறார். வாய்ப்புச் சோதனை அந்தக் கேள்வியை வேண்டுமென்றே ஒதுக்கி வைக்கிறது. ஒருவரை நம்பவைக்க இரண்டும் வேண்டும். பழகும்போது தனித்தனியாகப் பழகுங்கள்.

பென்சிலை எடுங்கள்

நாளுக்கு ஒரு வாதம் போதும். பேனா வேண்டாம், அழிக்க வேண்டியிருக்கும். தொடங்கிவைக்க நான்கு தருகிறேன். விடைகள் உடனே கீழே இருக்கின்றன, கையால் மறைத்துக்கொள்ளுங்கள்.

1. அவர் ஊழல் செய்யாதவர் என்றால் பதவி விலகியிருக்க மாட்டார். விலகிவிட்டார். ஆகவே ஊழல் செய்தவர்.

2. வாக்காளர்கள் எல்லோரும் 18 வயது நிரம்பியவர்கள். முருகன் வாக்காளர் இல்லை. ஆகவே முருகனுக்கு 18 வயது நிரம்பவில்லை.

3. கடை திறந்திருந்தால் பால் வாங்குவேன். திறக்காவிட்டால் பக்கத்து வீட்டில் பால் வாங்குவேன். ஆகவே எப்படியும் பால் வாங்குவேன்.

4. கதவு பூட்டியிருக்கிறது. கதவு பூட்டியிருக்கவில்லை. ஆகவே நிலவு வெல்லத்தால் ஆனது.

முதலாவது வாய்ப்பானது. அதன் முதல் எடுகூற்றை நம்புவதா என்பது வேறு வழக்கு. உடல்நலம் காரணமாகவும் மனிதர்கள் விலகுகிறார்கள். இரண்டாவது வாய்ப்பற்றது: பட்டியலில் பெயர் சேர்க்காமலே இருக்கும் நாற்பது வயது முருகன் எதிர் உதாரணம். மூன்றாவது வாய்ப்பானது; முடிவைப் பொய்யாக்கினால் கடை திறந்தும் இருக்கக்கூடாது, மூடியும் இருக்கக்கூடாது.

நான்காவதுக்கு வாய்ப்பற்றது என்று எழுதியிருப்பீர்கள். திரும்பப் போய் எதிர் உதாரணம் அமைத்துப் பாருங்கள். முடிவைப் பொய்யாக்குவது எளிது, நிலவு வெல்லம் இல்லை. எடுகூற்றுகள் இரண்டையும் ஒரே நேரத்தில் உண்மையாக்க வேண்டும், அங்கேதான் நின்றுவிடுவீர்கள். எதிர் உதாரணம் இல்லை. வாதம் வாய்ப்பானது.